பேற்றுநோவும் அபினித் தங்குநிலையும்: அரநாயக்கத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மகப்பேற்று நோவு பற்றி நம்மிடையே வழங்கும் எழுத்துகள் பெரும்பாலும் அதனைத் தாய்மையின் விலையாகவோ பெண்மையின் பெருமையாகவோ காட்டுவன. தணிக்கத்தக்க ஓர் உடற்றுன்பம், தணிக்கும் பொறுப்புச் சமூகத்துக்கு உரியது என்ற நோக்கில் அதனை அணுகுவோர் சிலரே. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்நோவின் ஒரு சிறப்பு நிலையாகும். ஹெரோயின், மோர்பின், டிரமடோல் முதலான அபினிவகைப் பொருள்களை நெடுநாள் உட்கொண்டு, அவையின்றி உடல் இயல்பாய் இயங்கமாட்டாத நிலையை அடைந்த ஒரு பெண்ணுக்குப் பேற்றுநோவு கண்டால் அதனைத் தணிப்பது எவ்வாறு? உடல் அவ்வாறு ஒரு பொருளை நம்பி நிற்பதையே இங்குத் தங்குநிலை என்கிறோம். இவ்வினா மருத்துவருக்கு மட்டும் உரியது எனத் தோன்றலாம். ஆனால் விடையின் பெரும்பகுதி மருந்துப் பெட்டிக்கு வெளியே உள்ளது என்பதே நமது கருத்து.

சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதியை நாம் முன்வைப்பதற்குக் காரணம் அங்கு இப்பழக்கம் பெருகியுள்ளது என்பதன்று. மலையகத் தோட்டங்களில் கசிப்பும் சாராயமும் செய்த அழிவோடு ஒப்பிடுகையில், பெண்களிடையே அபினிவகைப் பழக்கம் அருகியே காணப்படுவது. ஆனால் அருகிக் காணப்படுவதே இங்கு இடராகிறது. அரிதாக வரும் நோயாளிக்கு விடுதி ஆயத்தமாய் இருப்பதில்லை. அவள் வாய்திறந்து சொல்வதற்கான சூழலும் உருவாவதில்லை. அற்றன், தலவாக்கலை போன்று தமிழர் செறிந்து வாழும் பகுதியன்று அரநாயக்க. தேயிலையும் இறப்பரும் நிற்கும் சரிவுகளில், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடக்கும் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் சிறுபான்மையினராக வாழ்கின்றனர். 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து பலரை வடக்கு நோக்கிப் பெயரச் செய்தன. எஞ்சியோர் மேலும் சிதறினர். 2016ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியபோதுதான் இப்பகுதியின் பெயரை நாட்டின் ஏனைய பகுதியினர் பலர் முதன்முதலாகக் கேட்டனர். மழைக்காலத்தில் இங்கு பாதை என்பது உறுதியான பொருளன்று. இதனை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

பேற்றுநோவைத் தணிக்கும் முயற்சியின் நவீன வரலாறு 1847இல் எடின்பரோவில் சிம்சன் ஈதரையும் பின்னர் குளோரபோமையும் பயன்படுத்தியதோடு தொடங்குகிறது. 1853இல் விக்டோரியா அரசி தமது மகவுப்பேற்றின்போது யோன் சினோவிடம் குளோரபோம் பெற்றார். அதன்பின் மதவாதிகளின் எதிர்ப்பு மெல்ல அடங்கிற்று. அவ்வரசியின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி மன்னார், மாத்தளை வழியாக நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் அக்காலத்தில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே இரையாகிக் கொண்டிருந்தனர். தோட்ட மருத்துவம் குறித்து 1872இலும் 1912இலும் பிறந்த சட்டங்கள் தொழிலாளரை வேலைக்குத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் தேவையிலிருந்து எழுந்தவை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் பெண் தொழிலாளர் பெற்ற ஓர் உண்மையான உரிமை. அதன் பெறுமதியை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் அச்சட்டங்களின் கணக்கில் இடம்பெற்றது இழந்த உழைப்பு நாளேயன்றி நோவு அன்று. குன்றேறிக் கொழுந்து பறிப்பவள் எதையும் தாங்குவாள் என்ற எண்ணம் துரையின் பங்களாவில் மட்டுமன்றி லயத்திலும் குடியிருந்தது. கத்தாமற் பிள்ளை பெற்றவள் கெட்டிக்காரி எனப்பட்டாள்.

அபினியோ வேறு வழியில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பேரரசின் வருவாய்ப் பொருள். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிற் குழந்தைகளை உறங்கவைக்க அபினிக் கலவை புகட்டப்பட்டதை மார்க்சு மூலதனத்தில் எடுத்துக்காட்டியிருப்பதை வாசகர் அறிவர். தாயின் நேரத்தை ஆலை எடுத்துக்கொண்டபோது அவ்விடத்தை அபினி நிரப்பிற்று. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபினி மற்றும் அபாயகரமான மருந்துகள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படைச் சட்டமாய் நிற்கிறது. ஹெரோயின் இங்கு பரவியது 1980களில். 1984இல் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கான சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே, குறித்த அளவுக்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரணதண்டனை வரையிலான தண்டனையும் சட்டமாயிற்று.

இப்பொருள்கள் உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பது 1970களிலேயே தெளிவாயிற்று. மூளையிலும் முண்ணாணிலும் அபினிவகைப் பொருள் பொருந்துதற்கென்றே அமைந்த ஏற்பிகள் உண்டென 1973இல் காட்டப்பட்டது. அவ்வேற்பிகளுக்கென உடல் தானே ஆக்கும் பொருள் ஒன்றினை 1975இல் அபடீனில் இயூசும் கொசுடர்லிட்சும் இனங்கண்டனர். பூட்டு முன்னரே இருந்தது. அபினி அதற்குப் பொருந்திய கள்ளச்சாவி எனலாம். கள்ளச்சாவி நாள்தோறும் நுழைந்தால் பூட்டுத் தளர்கிறது. முன்பு போதிய அளவு இப்போது போதாது. இது பொறுதி எனப்படும். இதனைவிட வியப்பான இன்னொரு மாற்றமும் உண்டு. நோவைக் கடத்தும் நரம்பு வழிகளே கூர்மையடைந்து, சிறு நோவும் பெருநோவாக உணரப்படுகிறது. மெதடோன் பெற்றுவருவோரின் கையைப் பனிநீரில் அமிழ்த்திப் பார்த்த ஆய்வுகளில், ஏனையோரைவிட அவர்கள் விரைந்து கையை எடுத்துவிடுதல் கண்டறியப்பட்டது. நோவைக் கொல்லும் மருந்தை நெடுநாள் உண்டவர்க்கு நோவு மிகும் என்பது மக்கள் பொதுவாக எண்ணுவதற்கு நேர்மாறானது. ‘தூள் அடித்தவளுக்கு வலி ஏது’ என்ற பேச்சு அறிவியலால் பொய்யாக்கப்பட்டது. பேற்றுநோவோ மனிதர் அறிந்த கடும் நோவுகளுள் ஒன்றென மெல்சாக்கின் அளவீடுகள் காட்டியுள்ளன. இரண்டும் ஓருடலில் கூடும்போது நேர்வதை ஊகித்தறிவது கடினமன்று.

இனி, அரநாயக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் பேற்றுக்குப் புறப்படுகிறாள் எனக் கொள்வோம். நோவு தொடங்கியபின் லயத்திலிருந்து பாதைக்கு இறங்கவேண்டும். தோட்ட லொறியை நம்பியிருந்த காலம் மாறி, இன்று 1990 என்ற எண்ணுக்கு அழைத்தாற் சுவசெரிய அம்புலன்ஸ் வருவது பெரும் முன்னேற்றம். எனினும் வண்டி வந்து நிற்கும் இடத்திற்கும் லயத்திற்கும் இடையே உள்ள சரிவு அப்படியே இருக்கிறது. சிக்கல் எதிர்பார்க்கப்படின் மாவனல்லை ஆதார வைத்தியசாலைக்கோ கேகாலைக்கோ செல்லவேண்டும். முதற்பேறாயின் நோவு பன்னிரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ நீடித்தல் இயல்பு. ஹெரோயின் உடலை விட்டு நீங்கும்போது எழும் விடுபடு துன்பமோ கடைசியாக உட்கொண்டதிலிருந்து ஏறத்தாழ ஆறு தொடக்கம் பன்னிரண்டு மணித்தியாலத்துள் தலைகாட்டும். இவ்விரு கடிகாரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விடுதிக் கட்டிலில் நோவு உச்சமடையும் வேளையும் விடுபடு துன்பம் உச்சத்தை நோக்கும் வேளையும் ஒன்றாதல் புலனாகும். அடிவயிற்றுப் பிடிப்பு, வாந்தி, வியர்வை, மயிர்க்கூச்செறிவு, கொட்டாவி, அமைதியின்மை ஆகியன விடுபடு துன்பத்தின் குறிகள். அவற்றிற் பாதி பேற்றுநோவின் குறிகளே. காரணம் அறியாத தாதிக்கு அவள் ‘அடங்காத நோயாளி’ எனத் தோன்றுவாள். இத்துன்பம் தாயோடு நிற்பதுமன்று. கருப்பை அமைதியிழக்கிறது, கருவின் நிலையும் தடுமாறுகிறது. கர்ப்பகாலத்தில் இப்பொருள்களைத் திடீரென நிறுத்துதல் குறைப்பிரசவத்துக்கும் கருவிழப்புக்கும் இட்டுச் செல்லக்கூடும் என்பதனாலேயே, உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலில் திடீர் நிறுத்தத்தை விடுத்து மெதடோன் அல்லது புப்ரநோர்பின் கொண்ட பேணுகைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

எனவே முதல் விதி, விடுபடு துன்பத்தைத் தடுப்பது. பேணுகை மருந்து பெற்றுவருபவளுக்கு அது பேற்றுநாளிலும் தவறாமற் கொடுக்கப்படல் வேண்டும். புப்ரநோர்பினைப் பேற்றுக்கு முன் நிறுத்திவிட வேண்டுமென்ற பழைய கருத்தும் இன்று கைவிடப்பட்டுள்ளது. நம் நாட்டில் போதை மீட்பு என்பது பெரிதும் முற்றாக விலக்குதல் என்ற கொள்கையிலேயே வளர்ந்தமையால், பேணுகை மருந்தோடு விடுதிக்கு வரும் பெண்ணைக் காண்பது அரிது. வருபவள் பெரும்பாலும் தெருவில் வாங்கியதை நம்பியிருந்தவளாகவே இருப்பாள். அந்நிலையிலும் அளவறிந்து மோர்பின் கொடுத்து விடுபடு துன்பத்தைத் தணித்துவைக்க நிபுணரால் இயலும். புற்றுநோயாளருக்காக வைத்தியசாலைகள் அறிந்துள்ள மருந்தே அது.

இரண்டாவது விதி மேற்போக்காகப் பார்ப்போரைக் குழப்புவது: விடுபடு துன்பத்தைத் தடுக்கும் மருந்து பேற்றுநோவைத் தணிக்காது. மெதடோன் விடுபடு துன்பத்தை ஒரு நாள் முழுதும் தடுத்துநிற்கும். அதன் நோவு தணிக்கும் ஆற்றலோ நான்கு தொடக்கம் எட்டு மணித்தியாலத்துள் தேய்ந்துவிடும். அதுவும் பொறுதியடைந்த உடலில் மிகச் சிறிதே. ‘இவளுக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே’ என்பது இங்குப் பொருந்தா வாதம்.

பேற்றுநோவுக்கென்று தனியே செய்யத்தக்கவற்றுள் சிறந்தது முதுகுத்தண்டில் இடப்படும் எப்பிடியூரல் மருந்து. அது நரம்பையே மரக்கச் செய்வதால் ஏற்பிகளின் தளர்ச்சி அதனைப் பெரிதும் பாதிப்பதில்லை. நோவு முற்றுமுன் தொடக்கத்திலேயே இடப்படின் நலம். ஆனால் அதற்கு மயக்க மருந்து நிபுணர் இரவும் பகலும் வேண்டும். பெருவைத்தியசாலைகளுக்கு வெளியே இது எளிதன்று. நைத்திரசு ஒட்சைட்டும் ஒட்சிசனும் கலந்த வாயுவை முகமூடி வழியே தானே இழுத்துக்கொள்ளும் முறை எளியது. ஓரளவு ஆறுதல் தரும். நம் விடுதிகளில் நெடுங்காலமாய் வழக்கிலுள்ள பெதிடின் ஊசி இங்கு ஏமாற்றிவிடும். வழக்கமான அளவு இவளுக்குப் போதாது. அளவைக் கூட்டிக்கூட்டிக் கொடுப்பின் அது உடலில் மாறித் தேங்கும் பொருள் வலிப்பை உண்டாக்கக்கூடும்.

ஒரு பிழை உயிராபத்தோடு நேரிற் தொடர்புடையது. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். பென்டசொசின், நல்புபின், புயூட்டொபனோல் ஆகியவை நோவு தணிப்பானாகவே வழங்கப்படுபவை. ஆனால் ஏற்பியில் அரைகுறையாய்ப் பொருந்தி, அங்கு முன்னரே பொருந்தியிருக்கும் ஹெரோயினையோ மெதடோனையோ வெளித்தள்ளிவிடுவன. மணித்தியாலக்கணக்கில் வளரவேண்டிய விடுபடு துன்பம் அப்போது சில நிமிடங்களிற் பாய்ந்து எழும். நலொக்சோன் இதனினும் கடியது. மூச்சு நிற்கும் தறுவாயில் உயிர்காக்கும் மருந்தாதலின் அதனை விலக்கிவைக்கவும் இயலாது. அத்தறுவாய்க்கென்றே வைத்திருத்தல் வேண்டும். இத்தகைய தாயின் பிறந்த குழந்தைக்கு அதனைக் கொடுப்பின் வலிப்பு நேரலாம். ஆக, தாதி ஒருத்தி நல்லெண்ணத்தோடு இடும் ஓர் ஊசி நஞ்சாவதும் மருந்தாவதும், நோயாளி ஒரு செய்தியைச் சொன்னாளா இல்லையா என்பதில் தங்கியிருக்கிறது. பிரிகபலின் போன்ற மாத்திரைகளையும் சேர்த்து உட்கொண்டிருப்பின் மூச்சடங்கும் இடர் மேலும் கூடும். அதுவும் சொல்லப்படவேண்டிய செய்தியே.

வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கும் நிலை வந்தால் முதுகுத்தண்டு மயக்கமே போதுமானது. சிக்கல் அதன் பின்னரே. அமெரிக்காவின் வெர்மொண்டில் நடைபெற்று 2007இல் வெளியான ஆய்வொன்று, மெதடோன் பெற்றுவந்த பெண்களுக்கு இயல்பான பேற்றின்போது ஏனையோரளவு மருந்தே தேவைப்பட்டதாகவும், சத்திரசிகிச்சைக்குப் பின் 70 சதவீதம் கூடுதலான அபினிவகை மருந்து தேவைப்பட்டதாகவும் கண்டது. புப்ரநோர்பின் பெற்றோருக்கு அக்கூடுதல் 47 சதவீதம் என அவர்களே 2010இல் காட்டினர். இங்கு, தோட்ட மருந்தகத்தில் எந்நோய்க்கும் கொடுக்கப்படுவதாகப் பகடி செய்யப்படும் பனடோல் பற்றி ஒரு சொல். பரசிட்டமோலையும் டைக்குளோபினக்கையும் நோவு வந்தபின் கேட்டுவாங்கும் மருந்தாகவன்றி, நேரம் தவறாது கொடுத்துவருவது அபினிவகை மருந்தின் தேவையைக் குறைக்கும். பகடிக்குரியது அம்மாத்திரையன்று; அது மட்டுமே கொடுக்கப்பட்டதுதான்.

இவ்வளவும் அறியப்பட்டிருந்தும் நடைமுறையில் நோவு தணிப்பு மறுக்கப்படுவது ஏன்? நோவு தணிப்பு நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசு என்ற மறைமுகக் கொள்கை எங்கும் நிலவுகிறது. மருந்து கேட்பவள் போதைக்காகக் கேட்கிறாள், கொடுத்தாற் பழக்கம் வளரும் என்பர். பேற்றுநோவை முறையாகத் தணிப்பதால் தங்குநிலை மோசமடையும் என்பதற்குச் சான்றில்லை. தணியாத நோவே பெண்ணை விடுதியைவிட்டு வெளியேறி மீண்டும் தெருப்பொருளை நாடச் செய்வது. இக்கொள்கை சட்டத்தின் துணையையும் பெறுவதுண்டு. அமெரிக்காவின் சாள்சுடன் நகரில் வைத்தியசாலையொன்று கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்துப் பொலிசுக்கு அறிவித்துவந்தது. சிக்கியோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. 2014இல் டெனிசி மாநிலம் இத்தகைய தாய்மாரைக் குற்றவாளிகளாக்கும் சட்டத்தை இயற்றி, 2016இல் காலாவதியாக விட்டது. அச்சத்தால் பெண்கள் கிளினிக்கைத் தவிர்த்தமையே அதன் முதற் பயனாயிற்று. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கட்டளையின்பேரில் கட்டாயச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையிற் பல்லாயிரவர் கைதாயினர். தொலைக்காட்சியில் இவற்றைப் பார்த்த ஒரு தோட்டப்பெண், வெள்ளுடை அணிந்தவரையும் காக்கியுடை அணிந்தவரையும் வேறுபிரித்து நம்புவாள் என எதிர்பார்ப்பது பொருத்தமன்று.

அவள் சொல்லத் துணிந்தாலும், எம்மொழியிற் சொல்வது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. கேகாலை மாவட்டத்து விடுதியில் நள்ளிரவுக் கடமையிலுள்ளவருக்குத் தமிழ் தெரிந்திருப்பது தற்செயலே. அப்போது மொழிபெயர்ப்பவர் கணவனோ மாமியாரோ உடன்வந்த அயற்பெண்ணோ ஆவர். எச்செய்தி எவருக்குத் தெரியக்கூடாது என அவள் அஞ்சுகிறாளோ, அச்செய்தி அவர்கள் வாய்வழியேதான் செல்லவேண்டும். கர்ப்பகாலப் பதிவட்டையில் எழுதிவைத்தாலும் அது வீட்டுக்கு வந்து எல்லோர் கையிலும் புரள்வது. தமிழறிந்த குடும்பநல மாது ஒருவர், கிளினிக்கில் தனியே அமர்த்தி, ‘தங்கச்சி, தூள், மாத்திரை, ஊசி எதுவும் பாவிக்கிறீங்களா? நோவு நேரத்துக்குச் சரியான மருந்து குடுக்கத்தான் கேக்கிறன், பொலிசுக்குச் சொல்ல இல்ல’ என்று கேட்பது எப்பிடியூரலுக்கு நிகரான மருத்துவச் செயல். இக்கேள்வி ஐயத்துக்குரியவள் எனக் கருதப்படுபவளிடம் மட்டுமன்றி எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்கப்படல் வேண்டும். அப்போதுதான் அது குற்றச்சாட்டாகாது. பின்னர் அச்செய்தி அட்டைக்குப் பதிலாக மாவனல்லையிலோ கேகாலையிலோ உள்ள நிபுணருக்கு நேரே சென்றால், பேற்றுநாளின் மருந்து முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடும். மழைக்காலமாயின் நோவு காணுமுன்னரே அவளை விடுதியிற் சேர்த்துவிடவும் இயலும்.

குழந்தை பற்றியும் கூறவேண்டும். தாயிடமிருந்து பெற்றுவந்த பொருள் தொப்புள்கொடியோடு அறுபட, குழந்தைக்கும் விடுபடு துன்பம் எழும்: கீச்சிட்ட அழுகை, நடுக்கம், தும்மல், பால்குடிக்க இயலாமை, வயிற்றோட்டம். ஹெரோயினாயின் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுள், மெதடோனாயின் ஐந்து நாள்வரை பிந்தியும் இது தோன்றலாம். இத்தகைய குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, குறிகளை எண்ணி மோர்பின் துளி கொடுப்பதே நெடுங்கால வழக்கம். உண்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா என்ற மூன்றை மட்டும் நோக்கி, மங்கிய ஒளியில் தாயின் மார்போடு அணைத்துவைக்கும் முறை அதனினும் சிறந்ததென அண்மையிற் தெரியவந்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குழந்தை வீடு செல்லத் தகுதிபெறும் காலம் 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. மெதடோனோ புப்ரநோர்பினோ ஒழுங்காகப் பெறும் தாய், வேறு தடை இல்லாதவிடத்து, பால் கொடுத்தலும் நன்று. இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. தாயும் சேயும் சேர்ந்திருக்கச் சில நாளுக்கு ஓர் இடம் வேண்டும்.

செய்தி சொல்லப்படாதவிடத்து நிகழ்வது வேறு. இயல்பான பேறாயின் தாய் விரைவிலேயே வீடு அனுப்பப்படுவாள். மூன்றாம் இரவு லயத்திற் குழந்தை கீச்சிட்டு அழும், கழியும், பால் வேண்டாது முகம் திருப்பும். வீட்டிலுள்ள மூத்தோர் அதனை மாந்தம் என்பர். மாந்தத்துக்குரிய கைமருந்து புகட்டப்படும். பேற்றுக்குப் பிந்திய முதற் பத்து நாளுள் குடும்பநல மாது வீடுதேடி வருதல் நம் நாட்டின் பழைய ஒழுங்கு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்தது அது. அவ்வருகை அம்மூன்றாம் நாளுக்கு முன் நிகழ்ந்து, வருபவர் அவ்வழுகையை மாந்தம் அன்றென இனங்காண அறிந்திருப்பின், குழந்தை அன்றே மீண்டும் கேகாலைக்குச் செல்லும்.